இடப்பக்கத்துக் கிடார்

மதியம் மூன்று மணிக்கு மேகம் சாப்பாட்டு அறைக்குள் வந்துவிட்டது.

மலைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் போகிற ரோட்டில் இருந்த அந்தப் பழைய பங்களாவில் ஜன்னல்கள் எல்லாம் கதவளவு பெரியவை. முதலில் மேசையின் அந்த ஓரம் மங்கியது. பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகம் போனது. கடைசியில் என் மடியில் இருந்த மாண்டலினின் தலைப்பக்கமே சாம்பல் நிறமாகிவிட்டது. ஈரத்துணி வாசனையும் யூகலிப்டஸ் வாசனையும் சேர்ந்து வந்தன.

நான் ஜன்னலைச் சாத்த எழுந்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க பிரேசிலிலிருந்து வந்திருந்த லூசியா, வேண்டாம் என்று தடுத்தார்.

“ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசியுங்கள். காது மட்டும் போதும்” என்றார்.

யாரிடம் எதைச் சொல்கிறார் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தோம். ராகத்தை நான் ஆரம்பிக்க வேண்டும். நான்கு வரி போய் மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்தினேன். அப்போது என் இடது பக்கத்திலிருந்து ஒரு கிடார் பதில் சொன்னது. கனத்த, அடித்தொண்டைச் சத்தம். படிப்படியாகக் கீழே இறங்கி, நான் அடுத்து எடுக்க வேண்டிய சுரத்தின் வாசலில் என்னைக் கொண்டுவந்து விட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டு முடியும் வரை அது என் கூடவே வந்தது.

முடித்தோம். முன்வாசல் கதவு திறந்தது. எங்கள் கிடார்காரர் பெனடிக்ட், சொட்டச் சொட்ட நனைந்த ஜெர்க்கினோடு உள்ளே வந்தார்.

“சாரிக்கா. திண்டுக்கல் பஸ் லேட்டு. அறுந்த கம்பிக்கு மாத்து இப்பத்தான் வந்துச்சு. நான் இல்லாமலே முடிச்சிட்டீங்களா?”

அவர் ஒன்றரை மணி நேரமாகப் பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். மேகத்தில் அவருடைய காலி நாற்காலி என் கண்ணில் படவில்லை. கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். என் இடப்பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார். அதனால் எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் எனக்கு இடது காது கேட்காது.

அழுவதற்கு ஒரு மலை

போன வாரம் இந்தத் தொடரில், அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பஞ்சாமிர்தக் கடை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, என் நாத்தனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என்னோடு பேசாமல் இருப்பவர்களைச் சமாளிப்பது எனக்கு எளிது. அவர் இடப்பக்கம் நின்று கோபித்துக்கொண்டால் எனக்குத் தெரியவே தெரியாது.

காது போனது ஒரு காய்ச்சலில். காலையில் எழுந்தேன், இடப்பக்கம் சாத்திக் கிடந்தது. தண்ணீர் புகுந்திருக்கும் என்று ஒற்றைக் காலில் குதித்தேன். எண்ணெய் விட்டேன். பழனியிலிருந்து திண்டுக்கல் வரை மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். மூன்றாவது டாக்டர்தான் நேராகச் சொன்னார்.

“நரம்பு போச்சும்மா. இனி வராது. ஒண்ணு சொல்லிர்றேன். மூளை சும்மா இருக்காது. கேக்காத பக்கத்துல தானா எதையாவது போட்டுக்கிட்டு இருக்கும். இரைச்சல், விசில், சில பேருக்குப் பாட்டே கேக்கும். பயப்படாதீங்க.”

எனக்கு இரைச்சல் மட்டும்தான் வந்தது. பயப்படவில்லை. ஆனால் மறைத்தேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் மெல்லிசைக் குழுவில் மாண்டலின் வாசித்தவள். பங்குனி உத்திரம், தைப்பூசம், கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ மேடைகள். என் வீட்டுக்காரர் அதே குழுவில் பேஸ் கிடார். எனக்கு இடப்பக்கம்தான் அவர் நாற்காலி. நல்ல மனுஷர், மோசமான பேஸ் கிடார். பாட்டு பாதி போவதற்குள் வீட்டுக்குப் போகிற அவசரம் அவர் விரலுக்கு வந்துவிடும். அந்த ஓட்டத்தை இழுத்துப் பிடித்தே எனக்குத் தாளம் பழகியது என்று சொல்ல வேண்டும்.

காது போன பிறகு ஒரு மேடையில் அரைத்தாளம் தள்ளிப் போனேன். முன்வரிசையில் விசில் அடித்தார்கள். கை வலி என்று குழுவில் சொல்லிவிட்டு நின்றுகொண்டேன். காது போன வாத்தியக்காரியும் கண் போன டிரைவரும் ஒன்று. ஊருக்குத் தெரிந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பயம்.

அப்போதுதான் யாரோ இந்தப் பட்டறை பற்றி வாட்ஸப்பில் அனுப்பினார்கள். கொடைக்கானல் மலையில் ஆறு நாள், ஷோரோ என்கிற பிரேசில் நாட்டுச் சங்கீதம், மாண்டலின்காரர்கள் வரலாம். என்னைத் தெரிந்தவர்கள் ஒருவரும் அங்கே இருக்க மாட்டார்கள். அது போதும் என்று தோன்றியது.

“ஷோரோன்னா என்ன அர்த்தமாம்?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“அழுகையாம்.”

“அழுறதுக்கு மலை ஏறிப் போகணுமா சரசு? வீட்லயே அழலாமே, நான் எதுக்கு இருக்கேன்.”

சிரித்துவிட்டு ஒன்று சொன்னேன். முகம் தெரியாத ஆட்களோடு உட்கார்ந்து என்னால் சேர்ந்து வாசிக்க முடிந்தால் குழுவுக்குத் திரும்புவேன். முடியாவிட்டால் மாண்டலினை என் தங்கை மகளுக்குக் கொடுத்துவிடுவேன், பிறகு அதைப் பற்றிப் பேசவே கூடாது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். மறுநாள் வெள்ளனே கொடைக்கானல் பஸ்ஸில் ஏற்றிவிட்டவர், ஜன்னலுக்கு வெளியே நின்று எதையோ சொன்னார். அது எந்தப் பக்க ஜன்னல் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மேசையைச் சுற்றி

ஷோரோ வாசிக்க மேடை வேண்டாம். ஒரு மேசை வேண்டும். அதைச் சுற்றி எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். பார்க்க வந்தவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் இப்படி உட்கார்ந்தால் சீட்டாடுகிறார்கள் என்று போலீஸ் வரும்.

தாளில் எழுதிக்கொடுப்பது இல்லை. கையைக் காட்டி நடத்துகிறவர் இல்லை. ஒரு பாட்டுக்கு மூன்று பகுதி, முதல் பகுதி திரும்பத் திரும்ப வரும். மாண்டலினோ புல்லாங்குழலோ ராகத்தைப் பிடிக்கும். கஞ்சிராவுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாத்தியம் தாளம் போடும். அடியில் ஏழு கம்பிக் கிடார் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கிடார் வெறுமனே ஒத்து ஊதுகிற ஆள் இல்லை. ராகம் மூச்சு விடுகிற இடத்தில் அது பேசும். கேள்வி கேட்கும், பதில் சொல்லும், சில நேரம் கிண்டல் பண்ணும்.

“அது பேசும்போது நீ பேசாதே. இதுதான் எங்கள் மரியாதை. கிடாருக்கு இடம் விடத் தெரியாதவரை இரண்டாவது முறை யாரும் மேசைக்குக் கூப்பிட மாட்டார்கள்” என்றார் லூசியா.

நாங்கள் ஆறு பேர் படிக்க வந்திருந்தோம். பெங்களூர் தம்பதி புல்லாங்குழலும் கிளாரினெட்டும். மதுரைக்காரர் ஒருவர் தாளம். கொடைக்கானல் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் நாலு கம்பிச் சின்னக் கிடார். மாண்டலின் நான். ஏழு கம்பி பெனடிக்ட்.

பெனடிக்டுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெருமாள்மலைக்காரர். பண்ணைக்காட்டிலிருந்து மிளகும் காப்பியும் வாழைத்தாரும் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறார். கோயிலில், அதாவது அவர்கள் சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமை கிடார் வாசிப்பார். இந்தச் சங்கீதத்தை எப்போதோ போனில் கேட்டுவிட்டு, ஏழு கம்பிக் கிடார் எங்கும் கிடைக்காமல், தன் பழைய கிடாரின் தலையில் தானே ஒரு ஓட்டை போட்டு ஏழாவது கம்பியைக் கட்டியிருந்தார். அந்தக் கம்பிதான் இரண்டாம் நாள் காலையில் அறுந்தது.

“லைஃப்ல ஒருக்காவாவது இந்த டேபிள்ல உக்காந்து வாசிச்சிரணும்னு இருந்தேங்க்கா. இது சரியா வரலன்னா கிடாரைத் தொடவே மாட்டேன்” என்றார் முதல் நாள்.

மாண்டலினைப் பற்றி நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. லூசியா அவரை என் இடப்பக்கம் உட்கார வைத்தார். மாண்டலினும் ஏழு கம்பியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, பக்கத்தில்தான் இருக்க வேண்டுமாம். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

“இந்தப் பக்கம் சரியாகக் கேட்கிறதா?” என்று லூசியா பொதுவாகத்தான் கேட்டார்.

“எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும்” என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். யாரும் காதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பொன்னுத்தாயி சொன்னது

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் என்னால் அறையில் தனியாக இருக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன்.

சமையல் பொன்னுத்தாயி. மேல்மலைக் கிராமத்துக்காரர், பூண்டு வெள்ளாமைக் குடும்பம். நாற்பது வயது. எதையும் அலட்டிக்கொள்ளாத முகம். பூண்டு உரித்துக்கொண்டே இருப்பார். உரித்தது போதும் என்று எப்போதும் தோன்றாதவர்.

நான் நடந்ததைச் சொல்லவில்லை. மேகம் வீட்டுக்குள் வந்தது பற்றி மட்டும் சொன்னேன்.

“அந்தம்மாகிட்ட ஜன்னலச் சாத்தச் சொல்லுங்கக்கா. எங்கூர்ல மேகம் எறங்குனா காட்ல யாரும் பாட மாட்டாங்க. பேசவும் மாட்டாங்க.”

“ஏன்?”

“பேசுனா பதில் வரும்ல?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க சின்னம்மா அப்படித்தான். பூண்டு எடுத்துக்கிட்டு இருக்கயில மேகம் எறங்கிருச்சு. இது பாட்டுக்கு ஏதோ பாடியிருக்கு. பக்கத்துப் பாத்தியில இருந்து யாரோ எடுத்துப் பாடியிருக்காங்க. இதுவும் நம்ம ஆளுதான்னு மாத்தி மாத்திப் பாடியிருக்கு. மேகம் வெலகிப் பாத்தா பக்கத்துப் பாத்தியில ஆளே இல்ல.”

“செத்துப் போயிட்டாங்களா?”

“ஐய, அதெல்லாம் இல்லக்கா. நல்லாத்தான் இருந்துச்சு. எம்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா நாம பேசிக்கிட்டு இருக்கயில திடுக்குன்னு அந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டும். சிரிக்கும். அதுக்கு ஒரு கொறையும் இல்ல. எங்ககூடத்தான் இல்ல.”

நான் மூன்று பூண்டை உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். இரவெல்லாம் டாக்டர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூளை சும்மா இருக்காது. அவ்வளவுதான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். என் காதில் ஊதுவது நான்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெட்கக்கேடு

மூன்றாம் நாள் நல்ல வெயில். மேகம் இல்லை, ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்கு அது வராது என்று நினைத்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

முதல் நான்கு வரி வாசித்து மூச்சு விட்டேன். வந்துவிட்டது.

அன்றைக்கு அது இன்னும் துணிச்சலாக இருந்தது. நான் ஏறினால் அது இறங்கியது. நான் தயங்கினால் காத்திருந்தது. மூன்றாம் பகுதியில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒரு திருப்பத்தை, கையைப் பிடித்து அழைத்துப்போவது மாதிரி அது காட்டிக்கொடுத்தது. இரண்டு வருஷமாகச் சுவராக இருந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து எனக்கென்று வாசிக்கிறார். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன்.

பயமும் இருந்தது. ஏனென்றால் எனக்கு ஒன்று புரியவில்லை. என் மூளைதான் வாசிக்கிறது என்றால், எனக்குத் தெரிந்ததைத்தானே வாசிக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒரே பேஸ், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஓடுகிற என் வீட்டுக்காரர் பேஸ். இது அவர் இல்லை. அவரால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி வாசிக்க முடியாது. இது நான் கேட்டே இராத ஒரு கை.

அன்று ராத்திரி போனில் அவரிடம் கேட்டேன். வலது காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டுதான்.

“நீங்க என்னைக்காவது மெதுவா வாசிச்சிருக்கீங்களா?”

“என்ன கேள்வி இது, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல? ஏன், அங்க எவனாவது மெதுவா வாசிக்கிறானா?”

வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குக் காது மடல் சுட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் மாதிரி, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு ஆளை நான் கவனிக்கவே இல்லை.

பெனடிக்ட் என் இடப்பக்கத்தில் நிஜமாகவே உட்கார்ந்து, நிஜமான கிடாரை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் என் வலது காதுக்கு அடுத்த வீட்டில் வாசிப்பது போலத்தான் வந்தது. அதையும் அந்த இன்னொரு கிடார் மூழ்கடித்துவிட்டது. நான் இடம் விட்டதெல்லாம் அதற்கு. பெனடிக்ட் பேச வரும் இடத்தில் நான் குறுக்கே ஓடினேன். அவர் முடித்துவிட்டுக் காத்திருக்கும்போது நான் சும்மா இருந்தேன்.

லூசியா குழம்பிப்போனார். இரண்டாம் நாள், கிடார் இல்லாமலே கிடாருக்கு அழகாக இடம் விட்டாய் என்று என்னைப் பாராட்டியவர் அவர்தான். இப்போது கிடார் இருக்கும்போது ஏன் இப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. மேசையில் ஒரு தப்பு நடந்தால் அதைப் பழையவர் மேல் போட மாட்டார்கள், புதியவர் மேல்தான் போடுவார்கள். இருபத்தைந்து வருஷ மேடைக்காரி நான். ஜீப் ஓட்டுகிறவர் அவர்.

“பெனடிக்ட், நீதான் மாண்டலினைக் கேட்க வேண்டும்” என்றார் லூசியா.

“யெஸ் மிஸ்” என்றார் பெனடிக்ட். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி தப்பானது. “சாரி மிஸ், சாரிக்கா” என்றார். நான்காம் நாள் முழுக்க அவர் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. ஒவ்வொரு தடவைக்கும் அவர் சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. மத்தியானத்துக்கு மேல் ஏழாவது கம்பியை அவர் தொடவே இல்லை.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால் இந்தத் தொடரே பொய். தெரிந்துதான் இருந்தது. சொல்லிவிட்டால் என் ரகசியம் போகும். அதைவிட, இடப்பக்கம் இருக்கிறவர் போய்விடுவாரோ என்று இருந்தது. பெனடிக்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வந்தது. அதை விட்டுக்கொடுக்க வரவில்லை.

ஐந்தாம் நாள்

காலை பலகாரத்துக்குப் பிறகு மேசைக்கு வந்தோம். என் பக்கத்து நாற்காலி காலி. பெனடிக்ட் வரவில்லை என்று டீச்சர் சொன்னார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டது, வலது பக்க ஜன்னல் வழியாக.

மேகம் அன்றைக்குக் காலையிலேயே இறங்கியிருந்தது. படியிறங்கிப் போனேன். ஜீப்பின் பின்சீட்டில் கிடாரை ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தார். உறைகூட இல்லை, காப்பிக்கொட்டைச் சாக்கு.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“பண்ணைக்காட்ல லோடு நிக்குதுக்கா. வெரசாப் போகணும்.”

“நாளைக்கு ஒரு நாள்தான இருக்கு.”

“இல்லக்கா. எனக்கு வரல. எனக்கே தெரியுது. உங்கள மாதிரி பெரிய ஆர்ட்டிஸ்ட்கூட உக்காந்து, உங்களையும் சேத்துக் கெடுக்குறேன்.” அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தே பேசினார். “காது இருக்கணும்க்கா இதுக்கு. எனக்கு அந்தக் காது இல்ல.”

அந்த வார்த்தையை அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். எனக்குத்தான் செருப்பால் அடித்தது போல இருந்தது.

“அஞ்சு நிமிஷம் உள்ள வாங்க. அப்புறம் போங்க” என்றேன். அவர் அசையவில்லை. நான் சாக்கோடு கிடாரைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கிடார் போனால் பின்னால் வந்துதானே ஆக வேண்டும்?

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேகம் அறைக்குள் பாதி வந்திருந்தது. யாரும் வாசிக்கவில்லை. ஆனால் எனக்கு வாசிப்புக் கேட்டது. அதுவரை பாட்டு நடுவில்தான் அது வரும். அன்றைக்கு முதல்முறையாக, சும்மா இருக்கும்போதே வாசித்தது. மெதுவான பாட்டின் முதல் பகுதி. நான் வாசிக்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டு, அதன் பதில்களை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிடுகிறது என்று தெரிந்தது. என் தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. பொன்னுத்தாயியின் சின்னம்மா ஞாபகம் வந்தது. ஒரு குறையும் இல்லாமல் எண்பது வயது வரை சிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். தமிழில்தான் வந்தது, டீச்சர் லூசியாவுக்குச் சொன்னார்.

“தப்பு பெனடிக்ட் மேல இல்ல. எனக்கு எடது காது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இவரு வாசிக்கிறது எனக்குச் சரியாக் கேக்கல. கேக்குற மாதிரி நடிச்சேன். அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே கேக்காது.”

ஒண்ணுமே கேக்காது என்ற வார்த்தையில் அது நின்றது.

இறங்கிக்கொண்டிருந்த ஒரு வரிசையில், கடைசிச் சுரத்துக்கு முந்தின சுரத்தில் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அந்தக் கடைசிச் சுரம் வரவில்லை. இரைச்சல்கூட இல்லை. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது போன துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பெங்களூர் அம்மாள் எழுந்துவந்து தோளைத் தடவினார்.

லூசியா எழுந்தார், என் நாற்காலியைத் தூக்கி பெனடிக்ட் நாற்காலிக்கு அந்தப் பக்கம் போட்டார். இப்போது அவர் எனக்கு வலப்பக்கம்.

“இவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒருவர் முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்து முப்பது வருஷம் வாசித்தார். ஏன் என்று அவர் செத்த பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே?” என்றார்.

பெனடிக்ட் சாக்கைப் பிரித்தார். சுருதி சேர்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

வாசித்தோம். நான்கு வரி வாசித்து மூச்சு விட்டேன். பெனடிக்ட் பதில் சொன்னார். சாதாரணமான பதில். கொஞ்சம் பயந்த பதில். ஏழாவது கம்பி லேசாகச் சுருதி தாழ்ந்துகூட இருந்தது. ஆனால் அவர் விரல் கம்பியை விட்டு எடுக்கிற சத்தமும், ஜெர்க்கின் உரசுகிற சத்தமும் அதோடு கேட்டன. அவருக்கு இடம் விட்டேன். அவர் எனக்கு விட்டார். மூன்றாம் பகுதி முடிந்து முதலுக்குத் திரும்பும்போது மதுரைக்காரர் “சபாஷ்” என்று கத்தினார். பெனடிக்ட் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே இருந்தார். பண்ணைக்காட்டு லோடு மறுநாள் வரைக்கும் நின்றது.

நான் சந்தோஷப்பட்டேன். பொய்யில்லை. ஆனால் மூச்சு விடும் இடமெல்லாம் என் இடப்பக்கம் ஒரு தரம் திறந்து மூடியது.

சுக்குக் காப்பி

மேகம் விலகிய பிறகு எல்லோரும் வெயில் காய வெளியே போனார்கள். நான் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை அது மூளை செய்த வேலை என்று முழுதாக நம்பிவிட்டேன். சொல்லி முடித்த நிமிஷமே நின்றதென்றால் வேறு என்ன? மனசில் மறைத்து வைத்தது வெளியே வந்துவிட்டது, மூளை ஓய்ந்துவிட்டது. டாக்டருக்கு ஒரு கும்பிடு. அப்படி நம்புவதில் ஒரு ஆறுதலும் இருந்தது. இல்லாத ஒருவரை இழந்ததற்கு யாரும் துக்கம் கொண்டாட வேண்டியதில்லை.

பொன்னுத்தாயி சுக்குக் காப்பியோடு வந்தார். தம்ளரை வைத்துவிட்டு, என் பழைய நாற்காலி இருந்த பக்கத்தைப் பார்த்தார்.

“இன்னைக்குக் கச்சேரி நல்லா இருந்துச்சுக்கா. நம்ம ஜீப்புத் தம்பி ஜோரா வாசிச்சாரு.”

“ஆமா.”

“அடுப்படில இருந்து கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.” முந்தானையில் கையைத் துடைத்தார். “முந்தாநாளெல்லாம் ரெண்டு கிடாருல்ல கேட்டுச்சு? இன்னைக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. அந்த இன்னொரு ஆளு எங்கக்கா, ஊருக்குப் போயிட்டாரா?”

அவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, பூண்டு கெடக்கு என்று உள்ளே போய்விட்டார்.

தைப்பூசத்துக்கு நான் குழுவுக்குத் திரும்பினேன். காது விஷயத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் தன் கிடாரைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் வந்துவிட்டார், அங்கேயும் ஓட்டம்தான். இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன். அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. ஏன் என்று கேட்டால், அந்தப் பக்கம் எனக்குக் கேட்காது என்று சொல்கிறேன்.